மூன்றில் ஒன்று என்று எழுதிய என் தங்கை

மார்ச் மாதம் வந்துவிட்டால் எங்கள் ஆல்டன்பர்க்கில் யாருக்கும் வேறு வேலை ஓடாது. பல் மருத்துவர் ஒரு காதில் வானொலிக் கம்பியைச் செருகிக்கொண்டுதான் பல் பிடுங்குவார். தேவாலயத்தில் போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொள்வார். கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் மாதம் அது. இண்டியானா மாநிலத்தில் பிறந்தவனுக்கு அந்த மூன்று வாரம்தான் வருஷம், மிச்சமெல்லாம் அதற்குக் காத்திருக்கும் நாட்கள்.

அப்படி ஒரு மார்ச்சில்தான் ஊர் முழுக்க என் தங்கை நெல்டாவின் மேல் கோபமாக இருந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் வெர்ன் கெஸ்ஸிங்கர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். பள்ளிக்கூடத்தின் மஞ்சள் பேருந்தை ஓட்டுகிறேன். நெல்டா என்னைவிட ஆறு வயது இளையவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. என் தங்கை என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லும் பழக்கம் இல்லாதவன். டயரில் காற்று எவ்வளவு என்று கேட்டால் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

சின்ன வயதில் எங்கள் கொட்டகைச் சுவரில் ஒரு வளையம் ஆணியடித்து மாட்டியிருந்தோம். நான் பந்தெறிவேன். நெல்டா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் சொன்னாள்: "அண்ணே, நீ இடது பக்கம் நின்னு எறிஞ்சா பாதிக்கு மேல வெளிய போகுது. வலது பக்கம் நின்னா நல்லா விழுது. ஏன் எப்பவும் இடது பக்கமே போய் நிக்கிற?"

"அங்கதான் நிழல் இருக்கு" என்றேன்.

அவளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. காரணமில்லாமல் எதுவும் நடப்பதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டதாக இன்றைக்கும் தன் மாணவர்களிடம் சொல்கிறாள். நிழலில் நின்றதற்காக வகுப்பறையில் பெயர் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் புள்ளியியல் வகுப்பைத் தொடங்கியதே பெரும்பாடு. "அல்ஜீப்ரா போதாதா? இது எதுக்கு?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு வாங்கினாள். முதல் வருஷம் பாடப்புத்தகத்தில் இருந்த உதாரணமெல்லாம் மின்விளக்குத் தொழிற்சாலை பற்றியது. ஆயிரம் விளக்கில் எத்தனை பழுது என்று கேள்வி. பிள்ளைகள் தூங்கினார்கள். மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வழக்கம்போல எல்லா வகுப்பிலும் சக்கரம் வைத்த மேசையில் தொலைக்காட்சியைத் தள்ளிக்கொண்டு வந்து ஆட்டம் போட்டார்கள். தூங்கிய பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, யார் எத்தனை புள்ளி, யார் எங்கிருந்து எறிந்தால் விழும் என்று சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். நெல்டா விளக்குப் பாடத்தை அன்றோடு மூடினாள். பழைய போட்டி முடிவுகளை நூலகத்துச் செய்தித்தாள்களிலிருந்து பிள்ளைகளையே எடுத்துவரச் சொன்னாள். அதன் பிறகு அவள் வகுப்பில் யாரும் தூங்கவில்லை.

ஆனாலும் கணக்கு என்றால் பயம் பயம்தான். அடுத்த வருஷத்துக்கு வகுப்பு நடக்க வேண்டுமானால் பதினைந்து பேராவது விருப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. நான் சொல்லும் அந்த வாரம், திங்கட்கிழமை வரை எழுதிக் கொடுத்தவர்கள் ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பதினைந்து சேரவில்லையென்றால் வகுப்பு போய்விடும். நெல்டா மறுபடி நாள் முழுக்க அல்ஜீப்ராதான் நடத்த வேண்டும்.

அந்த வாரம் பார்த்துத்தானா இது நடக்க வேண்டும்? எங்கள் ஊர் ஹேக்கட் கல்லூரி, தேவாலயத்தை விடக் கொஞ்சம்தான் பெரியது, அது முதல் தடவையாகப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டது. அறுபத்து நான்கு அணிகளில் ஒன்று! அணியின் பெயர் மில்லர்கள், மாவு அரைப்பவர்கள் என்று அர்த்தம். கடைகளெல்லாம் கண்ணாடியில் மாவு மூட்டை படம் ஒட்டினார்கள். நெல்டாவும் ஹேக்கட்டில் படித்தவள்தான். செய்தி வந்த அன்று என் வீட்டு வாசலில் நின்று கார் ஒலிப்பானை அடித்து அக்கம்பக்கத்து நாய்களையெல்லாம் எழுப்பிவிட்டாள்.

போட்டியில் நான்கு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் பலத்தின்படி, ஆகப் பலசாலிக்கு ஒன்று என்று தொடங்கி, பதினாறு வரை எண் கொடுப்பார்கள். ஹேக்கட்டுக்குக் கிடைத்தது பன்னிரண்டு. பன்னிரண்டாம் எண் முதல் சுற்றில் ஐந்தாம் எண்ணோடு மோத வேண்டும். இதைக் கேட்டதும் ஊரில் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் எங்கள் மாநிலத்தில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த ஒரு பழமொழி உண்டு: வருஷா வருஷம் ஒரு பன்னிரண்டு ஒரு ஐந்தைச் சாய்க்கும்.

"அது சத்தியம்டா" என்றான் ஆர்வில் ஸ்டெம். டோனட் கடையில் எனக்கு எதிர் நாற்காலி. என்னோடு படித்தவன். ஆணி, பூட்டு விற்கும் இரும்புக்கடை வைத்திருக்கிறான். "எல்லா வருஷமும் ஒரு பன்னிரண்டு ஜெயிக்குது. இந்த வருஷம் அது நாமதான். எழுதி வச்சுக்கோ."

நானும் தலையாட்டினேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் நெல்டா வகுப்பில் இதையே பாடமாக எடுத்தாள். நான் சும்மா சொல்லவில்லை. அன்று ஹீட்டர் பழுதென்று பேருந்து பணிமனைக்குப் போயிருந்தது, அவள் என்னைக் கூப்பிட்டுப் பின்வரிசையில் உட்காரவைத்தாள். மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறையச் சட்டைப் பொத்தான். மூன்றில் ஒரு பங்கு சிவப்பு, மிச்சம் வெள்ளை.

"நீங்க செய்தித்தாள்ல தேடி எடுத்த கணக்குப்படி, பன்னிரண்டு ஐந்தை ஜெயிக்கறது கிட்டத்தட்ட மூணு ஆட்டத்துல ஒண்ணு. சிவப்பு வந்தா பன்னிரண்டு ஜெயிச்சதா அர்த்தம். நாலு பேர் வாங்க. நாலு பிரிவுக்கு நாலு பேர்."

நாலு பேரும் ஆளுக்கொரு பொத்தான் எடுத்தார்கள். எடுத்ததைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஜாடியில் போட்டார்கள். மறுபடி எடுத்தார்கள். ஐந்து முறை எடுத்தால் நாலு முறையாவது யார் கையிலாவது ஒரு சிவப்பு இருந்தது.

"பாத்தீங்களா மிஸ்! பழமொழி சரிதான்!" என்று கத்தினான் ஒருவன்.

"சரிதான். யாரோ ஒருத்தருக்கு வருது. இப்ப எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லு, யாருக்கு வரும்?"

அவன் ஒரு பெண்ணைக் காட்டினான். வெள்ளை. அடுத்த முறை வேறு ஒருவனைக் காட்டினான். வெள்ளை. மூன்றாவது முறை தானே போய் எடுத்தான். வெள்ளை. வகுப்பே சிரித்தது.

"கல்யாண வீட்ல யாரோ ஒருத்தர் சட்டையில குழம்பு கொட்டும், அது நிச்சயம்" என்றாள் நெல்டா. "அதுக்காக ஒரே ஆளைப் பாத்து 'உன் மேலதான் கொட்டும்'னு சொன்னா, பெரும்பாலும் தப்பாப் போயிடும். ஒரு பன்னிரண்டு ஜெயிக்கும்ங்கறது வேற. *நம்ம* பன்னிரண்டு ஜெயிக்கும்ங்கறது வேற."

ஆர்வில் சொன்னதற்குத் தலையாட்டிய என் கழுத்தை நான் தடவிக்கொண்டேன்.

பாடத்தோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய அட்டையில் எழுதி, பள்ளி நுழைவாயிலில், கோப்பைகள் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார்கள்: "ஹேக்கட் வெல்லும் வாய்ப்பு: மூன்றில் ஒன்று. புள்ளியியல் வகுப்பு."

மறுநாள் காலை டோனட் கடைக்குள் நான் நுழைந்தபோது பேச்சு நின்றது.

"வாடா வெர்ன்" என்றான் ஆர்வில். "உன் தங்கச்சி எந்த ஊர்க்காரி?"

"ஏன், உனக்குத் தெரியாதா? அவ நாலாம் வகுப்பு படிக்கறப்ப உன் மூக்கை உடைச்சவ."

"அப்ப மூக்கை உடைச்சா. இப்ப ஊரோட மனசை உடைக்கறா. நம்ம பசங்க மூணுல ரெண்டு தடவை தோப்பாங்கன்னு கோப்பைக்குப் பக்கத்துலயே எழுதி மாட்டியிருக்காளாமே?"

"அது பழைய கணக்குடா. அவ சாபமா விட்டா?"

"கணக்காம் கணக்கு! மனசுக்குக் கணக்கு உண்டா?" என்றார் கல்லாவில் இருந்த அம்மாள். அன்று எனக்கு வழக்கமாகக் கொடுக்கும் கூடுதல் டோனட் வரவில்லை.

தலைமை ஆசிரியர் டிராட்மனும் நெல்டாவைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷர். முன்னாள் பயிற்சியாளர். கழுத்தில் ஊதல் இல்லாமல் இன்றைக்கும் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பார். அவர்கள் பேசியதை நெல்டா அன்றிரவே சாப்பாட்டு மேசையில் எனக்கு நடித்தே காட்டினாள்.

"நெல்டா, எனக்குக் காலையில இருந்து பதினாலு போன்மா. அந்த அட்டையைக் கொஞ்சம் மாத்தி எழுதுங்களேன். பாதிக்குப் பாதின்னு போட்டுடுங்க. எல்லாருக்கும் சந்தோஷம்."

"பாதிக்குப் பாதி எப்படி சார்?"

"ஜெயிப்போம், இல்ல தோப்போம். ரெண்டே வழிதானே? ரெண்டுல ஒண்ணு. பாதி!"

"சார், இன்னிக்கு வீட்டுக்குப் போறப்ப உங்க கார் ஸ்டார்ட் ஆகும், இல்ல ஆகாது. அதுவும் பாதிக்குப் பாதியா?"

டிராட்மன் நெடுநேரம் யோசித்தாராம். "என் காருக்கு ஏறக்குறைய அப்படித்தான்" என்றாராம்.

ஆனால் அட்டையைக் கழற்ற நெல்டா சம்மதிக்கவில்லை. "பிள்ளைங்க தாங்களே தேடி, தாங்களே எண்ணி எழுதினது. தப்புன்னு யாராவது காட்டினா நானே கிழிச்சுப் போடறேன். பிடிக்கலைன்னு சொன்னா எப்படி சார் கிழிக்கறது?" அதற்குப் பதிலாக அவள் ஒரு காரியம் செய்தாள். அட்டைக்குக் கீழே ஒரு நீளமான தாளை ஒட்டினாள். "நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள்? காரணம் என்ன? எழுதுங்கள்."

ஊர் திரண்டு வந்து எழுதிற்று. பெரும்பாலானவர்கள் எழுதியது நூறு. இண்டியானாவில் ஒவ்வொரு பயிற்சியாளரும் பிள்ளைகளிடம் நூற்றுக்கு நூற்றுப்பத்து கொடு என்று கேட்டுக்கேட்டு வளர்ப்பதால் பாதிப்பேர் நூற்றுப்பத்து என்று எழுதியிருந்தார்கள். ஆர்வில் இருநூறு என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் "ஏன்னா நாமதான்" என்று போட்டிருந்தான். வகுப்பு சராசரி எடுத்துப் பார்த்தது. ஊரின் நம்பிக்கை நூற்றைத் தாண்டியிருந்தது. பிள்ளைகள் சிரித்துச் சிரித்து அதையும் எழுதி மாட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் வகுப்புல சேரப்போற பிள்ளையோட அப்பன் எவனாவது இப்ப விருப்பத் தாள்ல கையெழுத்துப் போடுவானா? வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னும் ஆறு பேர் வேணும்மா. அட்டையைக் கழட்டினா என்ன குறைஞ்சா போயிடுவ?" என்றேன்.

"கழட்டினா ஒரு வகுப்பு இருக்கும் அண்ணே. ஆனா அதுல என்னத்தை நடத்தறது?"

உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

வியாழக்கிழமை வந்தது. ஆட்டம் மத்தியானம். பள்ளிக்கூடமே உணவுக்கூடத்தில் கூடியிருந்தது. இரண்டு தொலைக்காட்சி. பேருந்து எடுக்க நேரமிருந்ததால் நானும் சுவரோரம் நின்றேன். நெல்டா முன்வரிசையில், ஹேக்கட்டின் பழைய தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாதியில் பின்தங்கினோம். இரண்டாம் பாதியில் ஒட்டிக்கொண்டு வந்தோம். கடைசியில் ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது எங்கள் சின்னப் பையன் ஒருவன், தெருவில் பார்த்தால் கூடைப்பந்து ஆடுகிறவன் என்றே சொல்லமாட்டீர்கள், இரண்டு நெட்டைகளுக்கு நடுவே புகுந்து பந்தை மேலே தள்ளினான். பந்து வளையத்தின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தது. பிறகு உள்ளே விழுந்தது.

அதன்பின் என்ன நடந்தது என்று துல்லியமாகச் சொல்ல என்னால்கூட முடியாது. யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள். சமையல்கார அம்மாள் ஒரு மாவுப் பொட்டலத்தைப் பிரித்து வீசினார். டிராட்மன் ஊதலை ஊதிக்கொண்டே மேசைமேல் ஏறினார். நெல்டா தொண்டை கட்டும்வரை கத்தினாள். கொஞ்சம் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு கோஷம் கிளம்பியது.

"மிஸ் தப்பு! மிஸ் தப்பு!"

கூடமே சேர்ந்து கத்தியது. நெல்டா மாவு படிந்த முகத்தோடு சிரித்துக்கொண்டே கைதட்டினாள். நான் மட்டும், போச்சு, இனி யார் சேர்வார்கள் என்று நினைத்துக்கொண்டே பேருந்துக்குப் போனேன்.

பேருந்தில் ஒருவரும் உட்காரவில்லை. ஆர்வில்லின் மகள் ட்வைலா, பெண்கள் அணியில் ஆடுகிறவள், யாரையும் எளிதில் நம்பாதவள், இருக்கைகளுக்கு நடுவே நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ் சொன்னது தப்பு. அவ்வளவுதான்!"

"தப்பில்ல" என்றான் நெல்டாவின் வகுப்புப் பையன் ஒருவன். "மூணுல ஒண்ணுன்னாங்க. இது அந்த ஒண்ணு."

"ஓஹோ! தோத்திருந்தா?"

"தோத்திருந்தா அது அந்த ரெண்டு."

"அடப்பாவி! ஜெயிச்சாலும் மிஸ் சரி, தோத்தாலும் மிஸ் சரி! எங்க அப்பா கடையில இப்படி ஒரு பூட்டு வித்தா ஊரே கடையை உடைச்சிடும். பூட்டுனாலும் சரி, திறந்தாலும் சரின்னு!"

பேருந்து முழுக்கச் சிரிப்பு. பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். வெளியே மழை என்று சிலர் சொல்வார்கள், மழை இல்லை, கூழாய் விழுந்த பனி. அந்தச் சாலையில் அவ்வளவு கூச்சலோடு ஓட்டுவது ஆபத்து. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"எல்லாரும் உக்காந்தாத்தான் வண்டி நகரும்."

"அங்கிள், நீங்களே சொல்லுங்க" என்றாள் ட்வைலா. "உங்க தங்கச்சிதானே. அவங்களைத் தப்புன்னு பிடிக்கறதுக்கு வழி இருக்கா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். "அவகிட்டயே போய்க் கேளு. மூஞ்சிக்கு நேரா கேளு. அவ கோவிச்சுக்க மாட்டா."

சாயங்காலம் நெல்டாவிடம் நானே முந்திக்கொண்டு இதைச் சொன்னேன். பூட்டுக் கதையைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆர்வில் பொண்ணா கேட்டா? பூட்டா?" தொண்டை கட்டிய குரலில் அவளுக்கு வந்த சந்தோஷம், ஹேக்கட் ஜெயித்ததற்குக்கூட வரவில்லை. "அண்ணே, இந்தக் கேள்வி கேக்கற ஒரு பிள்ளைக்காகத்தான் இத்தனை வருஷமா நிக்கறேன்!"

வெள்ளிக்கிழமை காலை ட்வைலா தனியாகப் போகவில்லை. தன் அணிப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு, முதல் மணி அடிக்குமுன்பே வகுப்பறை வாசலில் நின்றாள். பேருந்திலிருந்து இறங்கி நானும் பின்னால் போனேன். சண்டை வந்தால் விலக்கிவிடலாம் என்று.

"மிஸ், உங்களைத் தப்புன்னு எப்படிப் பிடிக்கறது?"

"ஒரே ஆட்டத்தை வச்சு என்னைப் பிடிக்க முடியாது ட்வைலா. நீ ஒரு தடவை ஃப்ரீ த்ரோ தவறவிட்டா உனக்கு ஆடத் தெரியாதுன்னு சொல்லலாமா?"

"சொல்லிப் பாக்கட்டும்."

"ஆனா நூறு தடவை எறிஞ்சு தொண்ணூறு தவறவிட்டா?"

ட்வைலா முகத்தைச் சுருக்கினாள். "அப்ப சொல்லலாம். அப்ப உங்களை... நிறைய ஆட்டத்தை எடுத்துப் பாக்கணும். நீங்க மூணுல ஒண்ணுன்னு சொன்னதெல்லாம் நிஜமாவே மூணுல ஒண்ணு நடந்துச்சான்னு."

"ஆங்."

"எத்தனை ஆட்டம் பாத்தாப் போதும்? பத்தா? ஐம்பதா? எத்தனைக்கு மேல போனா நீங்க பொய்னு அடிச்சுச் சொல்லலாம்?"

நெல்டா அவளைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். "அது அடுத்த வருஷப் பாடம்" என்றாள்.

"ஏமாத்தறீங்க மிஸ்."

"ஏமாத்தறேனான்னு பாக்கணும்னா வகுப்புல உக்காரணும்."

சாயங்காலம் டிராட்மன் விருப்பத் தாள்களை எண்ணிவிட்டு, ஊதலைக் கழுத்தில் சுழற்றிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கே வந்து எனக்குச் சொன்னார். இருபத்து மூன்று பேர். பெண்கள் அணி முழுக்க. அவர்களைப் பார்த்துப் பையன்கள் சிலரும். "அத்தனை பேரும் உங்க தங்கச்சியைத் தப்புன்னு நிரூபிக்கத்தான் சேர்ந்திருக்காங்க வெர்ன். நான் முப்பது வருஷம் பயிற்சி கொடுத்தும் இப்படி ஒரு அணி சேரல."

சனிக்கிழமை அடுத்த சுற்றில் ஹேக்கட் படு தோல்வி அடைந்தது. ஊரில் அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது, நெல்டாவின் கண் பட்டுவிட்டதாம்.

திங்கட்கிழமை டோனட் கடையில் ஆர்வில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என் பொண்ணு உன் தங்கச்சி வகுப்புல சேர்ந்திருக்கா, தெரியுமா? உன் தங்கச்சி சொன்னது பொய்னு நிரூபிச்சுட்டுத்தான் மறுவேலையாம்."

"தெரியும்" என்றேன். "அதுக்கு ரெண்டு செமஸ்டர் ஆகும்னு நெல்டா சொன்னா. கால்குலேட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்து அனுப்பு."